ஒரு மணி நேர நிகழ்ச்சி, எட்டே முக்கால் ஜிபி

அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒதுக்கப்படும் அலைவரிசையின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். ஏடிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் அந்த அகலத்துக்குள் வினாடிக்கு 19.39 மெகாபிட் தரவு செல்லும். நிலையம் அதை முழுவதுமாக ஒரே எச்டி நிகழ்ச்சிக்குக் கொடுத்தால், ஒரு மணி நேரப் பதிவு ஹார்டு டிஸ்கில் ஏறக்குறைய எட்டே முக்கால் ஜிபி பிடிக்கும். நடைமுறையில் துணைச் சேனல்களும் அதே அலைவரிசையில் பங்கு கேட்பதால், பதிவு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு ஜிபிக்குள் நிற்கும். அப்படியும், வாரம் பத்து நிகழ்ச்சி பதிவு செய்யும் வீட்டில் ஒரு டெராபைட் டிஸ்க் நான்கு மாதத்தில் நிரம்பிவிடும்.

இந்தக் கோப்பை, படத்தின் தரம் கண்ணுக்குத் தெரிந்து குறையாதபடி மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ சுருக்கி, வீட்டில் இருக்கும் எல்லாத் திரையிலும் ஓடும்படி மாற்றலாம். இடத்தை மிச்சப்படுத்துவது அதற்கு ஒரு காரணம்தான். டிஸ்க் விலை சரிந்த பிறகு வேறொரு காரணம் முன்னே வந்துவிட்டது. ஒளிபரப்பில் வரும் எம்பெக்-2 என்ற வடிவத்தை ஐபேட், ஐபோன் போன்றவை நேரடியாக ஓட்டுவதில்லை. 2012-ல் வந்த ராஸ்பெரி பை குட்டிக் கணினியில் அந்த வடிவத்தைத் தடங்கலின்றி ஓட்ட, 2.40 பவுண்டு கொடுத்துத் தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பதிவு செய்தவருக்கே தன் பதிவைப் பார்க்க வழியில்லாமல் போகும் நிலை இது. மாற்றும் வேலை தெரிந்திருந்தால் அந்த நிலை வராது.

வேலை கடினமானது அன்று. வரிசை தவறினால் மட்டும் கெடும். எதை முதலில் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் நல்ல பிரதிக்கும் மோசமான பிரதிக்கும் வேறுபாடு இருக்கிறது. ஒருமுறை சுருக்கத்தில் போன விவரம் எந்த மென்பொருளாலும் திரும்பி வராது.

பதிவு செய்யும் உரிமை

வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் டபிள்யூஆர்ஏஎல் நிலையம் 1996 ஜூலையில் சோதனை முறையில் எச்டி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, ஏடிஎஸ்சி முறையை ஏற்றது. 1998 அக்டோபர் 29 அன்று ஜான் கிளென் இரண்டாம் முறை விண்வெளிக்குப் புறப்பட்ட காட்சி எச்டியில் ஒளிபரப்பானது. 2009 ஜூன் 12-ல் முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றது. இந்த ஒளிபரப்புக்குப் பூட்டு கிடையாது. ஆண்டெனாவும் ஒரு டியூனரும் இருந்தால், வரும் தரவை அப்படியே டிஸ்கில் இறக்கிக்கொள்ளலாம். எச்டிஹோம்ரன் போன்ற டியூனர் பெட்டிகள் வீட்டு நெட்வொர்க்கில் எந்தக் கணினிக்கும் அதை அனுப்பும்.

பதிவு செய்வதற்கான சட்ட அடித்தளம் இதற்கெல்லாம் முந்தியது. யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் சோனியின் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டருக்கு எதிராக 1976-ல் தொடுத்த வழக்கில், 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்பளித்தது. ஒளிபரப்பான நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடு என்றது நீதிமன்றம். சேர்த்து வைத்து ஒரு படக் களஞ்சியம் உருவாக்குவது பற்றி அந்தத் தீர்ப்பு முடிவு எதுவும் சொல்லவில்லை. டிஜிட்டல் காலத்தில் பதிவைக் கட்டுப்படுத்த 2003-ல் எஃப்சிசி கொண்டுவந்த ஒளிபரப்புக் கொடி விதியை, அது நடைமுறைக்கு வரும் முன்பே, 2005 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. கேபிள், செயற்கைக்கோள் சேனல்களின் கதை வேறு. அவற்றில் பூட்டு உண்டு. அந்தப் பூட்டை உடைப்பதை 1998-ல் வந்த டிஎம்சிஏ சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் டிடிஎச் பெட்டியில் யுஎஸ்பி டிஸ்க் மாட்டி எடுக்கும் பதிவு பொதுவாக அதே பெட்டியில் மட்டும் ஓடுவதும் இப்படிப்பட்ட பூட்டினால்தான். எனவே இங்கே பேசப்படுவது பூட்டில்லாத வானலைப் பதிவை மட்டுமே.

ஏற்கெனவே சுருங்கி வந்தது

1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம், வினாடிக்கு 30 ஃப்ரேம். இதைச் சுருக்காமல் அனுப்பினால், நிறத் தகவலைக் கண் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைத்த பிறகும் வினாடிக்கு 746 மெகாபிட் தேவைப்படும். 19 மெகாபிட்டுக்குள் அது அடங்குகிறது என்றால், வீட்டுக்கு வரும்போதே படம் நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். அதை மறுபடி சுருக்குவது ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போன்றது. முதல் சுருக்கத்தில் விழுந்த கறைகளையும் படத்தின் பகுதியாகவே கருதி இரண்டாவது சுருக்கம் பாதுகாக்கப் பார்க்கும். இந்த வேலையில் வரும் பெரும்பாலான சங்கடங்களுக்கு இதுவே வேர்.

சுருக்கத்தின் உள்ளே இருக்கும் கணிதம் 1974 ஜனவரியில் வெளியான ஒரு குறுங்கட்டுரையில் தொடங்குகிறது. பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் எழுதிய அந்தக் கட்டுரை, டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்ற முறையை அறிமுகப்படுத்தியது. ஆய்வு நிதி கேட்டு அகமது அனுப்பிய விண்ணப்பத்தை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏற்கவில்லை. இன்று ஜேபெக் புகைப்படம் முதல் டிவி ஒளிபரப்பு வரை அந்த முறையும் அதன் வழிவந்தவையும் இல்லாத இடம் அரிது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் ஒளி, வேகமாக மாறும் நுண்விவரம் என்று பிரித்துத் தருகிறது அது. நுண்விவரத்தில் சிறிது இழந்தாலும் கண் அதைக் கவனிப்பதில்லை. அந்த இழப்புதான் சேமிப்பு.

இரண்டாவது சேமிப்பு நேரத்தில் கிடைக்கிறது. அடுத்தடுத்த ஃப்ரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே எம்பெக்-2, ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒருமுறை மட்டும் ஒரு முழுப் படத்தை அனுப்பும். ஐ-ஃப்ரேம் என்பது அதன் பெயர். இடையில் வருபவை, எந்தக் கட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, அதுபோக மிச்சம் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும் பி-ஃப்ரேம்களும், முன்னும் பின்னும் பார்த்துக் கட்டப்படும் இருவழி ஃப்ரேம்களும்.

2003-ல் வந்த எச்.264 இதே அடிப்படையைக் கூர்மையாக்கியது. நகர்வைத் தேடும் கட்டம் 16 பிக்சலிலிருந்து 4 பிக்சல் வரை இறங்கலாம். ஒரு ஃப்ரேமைக் கட்ட, முந்தைய பல ஃப்ரேம்களிலிருந்து துண்டு எடுக்கலாம். கட்டங்களின் ஓரத்தில் தெரியும் சதுரத் தழும்புகளை அழிக்கும் வடிகட்டி சுருக்கத்தின் உள்ளேயே இருக்கிறது. எம்பெக்-2 கேட்கும் பிட்டுகளில் பாதியோ அதற்கும் குறைவாகவோ வைத்துக்கொண்டு அதே தரத்தைத் தர இவை உதவுகின்றன. கணக்கு அதிகமாவதால் கணினிக்கு நேரம் கூடுதலாகும்.

சுருக்கும் முன்பு

டியூனரிலிருந்து டிஸ்குக்கு வருவது டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். படம், ஒலி, வசனவரி, நிகழ்ச்சி அட்டவணை எல்லாம் 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக ஒன்றுக்கிடையில் ஒன்று கலந்து வரும். மழையோ பறக்கும் விமானமோ சில பொட்டலங்களைத் தின்றுவிடும். டிவியில் அது ஒரு கணம் சதுரங்கள் சிதறுவதாகத் தெரிந்து மறையும். மாற்றும்போது அது பெரிய தொல்லை: நேரக் குறிப்பு அங்கே அறுந்துபோவதால், அந்த இடத்திலிருந்து உதட்டசைவும் குரலும் விலகிவிடலாம். ஆகவே முதல் வேலை, விடுபட்ட நேரக் குறிப்புகளைச் சரிசெய்யும் கருவியில் பதிவை ஒருமுறை ஓட்டி எடுப்பது. இதில் படமும் ஒலியும் மறுசுருக்கம் பெறாமல் அப்படியே நகலாகும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பிறகு ஒலி விலகலோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது விளம்பரம். அமெரிக்காவில் ஒரு மணி நேரத் தொடரின் உண்மையான நீளம் 42 முதல் 44 நிமிடம். விளம்பரத்தை வெட்டினாலே கோப்பில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும், படத்தின் தரத்தில் ஒரு துளிகூட இழக்காமல். எந்தச் சுருக்க முறையும் இப்படி ஒரு லாபம் தராது. காம்ஸ்கிப் என்ற இலவச மென்பொருள் கறுப்பு ஃப்ரேம், மௌனம், சேனல் இலச்சினை மறையும் நேரம், காட்சி மாறும் வேகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து விளம்பர எல்லைகளை ஊகிக்கும். ஊகம் அவ்வப்போது தவறும். கதையின் கடைசிக் காட்சியை விளம்பரம் என்று நினைத்து வெட்டிவிடவும் கூடும். எல்லைகளை மனிதக் கண் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெட்டு சுத்தமாக விழும் இடம் ஐ-ஃப்ரேம் மட்டுமே. நடுவில் வெட்டினால் அதற்குப் பின்வரும் ஃப்ரேம்கள் ஆதாரம் இல்லாமல் நிற்கும். வெட்டின் ஓரத்தில் உள்ள சில ஃப்ரேம்களை மட்டும் மறுபடி சுருக்கி மற்றவற்றை நகலெடுக்கும் கருவிகளும் இருக்கின்றன.

பின்னிய வரிகள்

இந்த வேலையில் அதிகம் பிழை நடக்கும் இடம் இன்டர்லேஸ். சிபிஎஸ், என்பிசி நெட்வொர்க்குகள் 1080ஐ முறையில் ஒளிபரப்புகின்றன. அதில் ஒரு ஃப்ரேமின் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் அறுபதில் ஒரு வினாடி கழித்தும் எடுக்கப்படும். இந்தப் பாதிப் படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். பழைய குழாய் டிவி வரி விட்டு வரி வரைந்ததால் அதற்கு இது பொருத்தமாக இருந்தது. தட்டைத் திரை எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. ஓடும் காரின் விளிம்பு வரிவரியாகப் பிளந்து தெரியும். இரண்டு ஃபீல்டையும் ஒரே படமாக எண்ணிச் சுருக்கினால், அந்தப் பிளவு கோப்பில் நிரந்தரமாகிவிடும். போதாக்குறைக்கு, அந்தக் கூரான வரிகளைக் காப்பாற்றவே பிட்டுகள் வீணாகும்.

எல்லா 1080ஐ பதிவுக்கும் ஒரே மருந்து கொடுப்பது அதைவிடப் பரவலான தவறு. நாடகத் தொடர்களும் திரைப்படங்களும் பொதுவாக வினாடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுகின்றன. அவற்றை 60 ஃபீல்டுக்குள் அடைக்க, ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு ஃபீல்டு, அடுத்ததற்கு மூன்று என்று மாற்றி மாற்றி நிரப்புவார்கள். நான்கு ஃபிலிம் ஃப்ரேம், பத்து ஃபீல்டு ஆகிறது. அதாவது ஐந்து டிவி ஃப்ரேம். இதில் கூடுதலாகச் சேர்ந்தது வெறும் மறுபதிப்பு. அதைக் கண்டுபிடித்து நீக்கினால் மூல 24 ஃப்ரேமும் இழப்பின்றித் திரும்பக் கிடைக்கும், சுருக்க வேண்டிய ஃப்ரேமும் ஐந்தில் ஒன்று குறையும். இன்வர்ஸ் டெலிசினி என்பது இந்த வேலையின் பெயர். இதைச் செய்யாமல் சாதாரண டீஇன்டர்லேஸ் வடிகட்டியைப் போட்டால், முழுத் தெளிவோடு இருந்த ஃப்ரேம்களையும் அது மழுக்கிவிடும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தத்தித் தத்திப் போகும்.

செய்தி, விளையாட்டு, நேர்காணல் போன்றவை உண்மையாகவே 60 ஃபீல்டில் எடுக்கப்பட்டவை. அவற்றில் நீக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக விரித்து, வினாடிக்கு 60 ஃப்ரேமாக வைப்பதே முறை. 30-ஆகக் குறைத்தால் கால்பந்தின் ஓட்டம் உயிரிழந்துவிடும். இரண்டு வகையையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. அசைவு நிறைந்த காட்சியை நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். மூன்று சுத்தம், இரண்டு பிளவு என்று ஐந்தைந்தாகத் திரும்பி வந்தால் ஃபிலிம். எல்லா ஃப்ரேமும் பிளந்திருந்தால் உண்மையான இன்டர்லேஸ். ஏபிசி, ஃபாக்ஸ் நெட்வொர்க்குகளின் 720பி ஒளிபரப்பில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே வினாடிக்கு 60 முழு ஃப்ரேம் வருகிறது. நாடகமானால் மறுபதிப்பை நீக்கி 24 ஆக்கலாம், விளையாட்டானால் 60-ஐயே வைத்துக்கொள்ளலாம்.

எண் ஒன்று, பொறுமை ஒன்று

சுருக்கும் மென்பொருள்களில் வீட்டுப் பயனருக்கு நெருக்கமானது ஹேண்ட்பிரேக். எரிக் பெட்டி 2003-ல் பீஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், 2016 டிசம்பரில்தான் 1.0 என்ற எண்ணை எட்டியது. எச்.264 சுருக்கத்தை அதன் உள்ளிருந்து செய்வது எக்ஸ்264. கட்டளை வரியில் வேலை செய்யப் பழகியவர்கள் ஃபாப்ரிஸ் பெலார்ட் 2000-ல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்கை நேரடியாகவே பயன்படுத்துவார்கள்.

இவற்றில் தரத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு எண். நிலைத்தர எண்ணான சிஆர்எஃப், 0-விலிருந்து 51 வரை போகும். சிறிய எண் நல்ல படம், பெரிய கோப்பு. 1080 வரிப் படத்துக்கு 20 முதல் 24 வரை என்பது ஹேண்ட்பிரேக்கின் பரிந்துரை. எண் ஆறு கூடினால் கோப்பு ஏறக்குறைய பாதியாகும். ஒளிபரப்பு ஏற்கெனவே சுருங்கி வந்தது என்பதால் 20-க்குக் கீழே போவதில் பலன் குறைவு. மூலத்திலிருந்த தழும்புகளைத்தான் அந்தக் கூடுதல் பிட்டுகள் பாதுகாக்கும். கோப்பு இத்தனை எம்பி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து சுருக்குவது சிடிக்குள் படத்தை அடக்கிய காலத்துப் பழக்கம். அதை விட்டுவிடலாம். மேசைக்குப் பின்னால் இருவர் பேசும் நிகழ்ச்சிக்கும் புல்தரையில் நடக்கும் கால்பந்துக்கும் ஒரே அளவு கொடுத்தால் முன்னதில் வீண், பின்னதில் பஞ்சம். நிலைத்தர எண் ஒவ்வொரு காட்சிக்கும் தேவையானதை மட்டும் கொடுக்கும். விளம்பரம் நீக்கிய 43 நிமிட நாடகம் 24 ஃப்ரேமில் ஒன்றரை முதல் இரண்டரை ஜிபிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மற்றொரு தேர்வு வேகம். மெதுவான அமைப்பு அதிக நேரம் தேடி, அதே தரத்தைச் சிறிய கோப்பில் தரும். 2011 முதல் இன்டெல் சில்லுகளிலும் 2012 முதல் என்விடியா கார்டுகளிலும் இருக்கும் வன்பொருள் சுருக்கி பல மடங்கு வேகமானது. அதே அளவு கோப்பில் அதன் படம், மெதுவான எக்ஸ்264 தருவதற்குப் பொதுவாகச் சற்றுக் கீழே நிற்கும். இரவில் கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. வைத்துப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சிக்கு மெதுவான வழியே தகும்.

ஒலியும் வசனவரியும்

ஒலியைத் தொடாமல் விடுவதே நல்லது. ஏடிஎஸ்சி ஒளிபரப்பில் டால்பியின் ஏசி-3 ஒலி வருகிறது. 5.1 தடங்கள் கொண்ட வினாடிக்கு 384 கிலோபிட் ஒலி, ஒரு மணி நேரத்துக்கு 173 எம்பி. அதைச் சுருக்கி மிச்சமாவது அற்பம், இழப்பு பெரிது. போன், டேப்லெட்டுக்காக இரண்டு தட ஏஏசி ஒலி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வசனவரி பெரும்பாலோர் மறந்துவிடும் பகுதி. அமெரிக்க ஒளிபரப்பில் அது தனித் தடமாக வருவதில்லை. எம்பெக்-2 படத் தரவின் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. படத்தை மறுபடி சுருக்கினால் பல கருவிகளில் அது சத்தமில்லாமல் காணாமல் போகும். மூலத்தை அழித்த பிறகு அதைத் திரும்பப் பெற வழியே கிடையாது. காது கேளாதவர் இருக்கும் வீட்டில் அந்தக் கோப்பு பாதிப் படமாகிவிடுகிறது. சிசிஎக்ஸ்ட்ராக்டர் என்ற இலவசக் கருவி, மூலப் பதிவிலிருந்து வசனவரியை நேரக் குறிப்போடு தனி உரைக் கோப்பாக எடுத்துத் தரும். சுருக்கத்தைத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். விளம்பரம் வெட்டிய பதிவிலிருந்து எடுத்தால் நேரமும் பொருந்திவிடும்.

படம், ஒலி, வசனவரி மூன்றையும் ஒன்றாகக் கட்டும் உறை இரண்டு வகை. எம்பி4 ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். 2002-ல் தொடங்கிய மட்ரோஸ்கா திட்டத்தின் எம்கேவி எந்த வகை ஒலியையும் வசனவரியையும் மறுப்பின்றி ஏற்கும்; ஆப்பிள் கருவிகளில் அதை ஓட்டத் தனிச் செயலி வேண்டும். உறையை மாற்றுவதால் தரம் மாறாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நொடிகளில் நகலெடுத்துவிடலாம். முடிந்த கோப்பைப் பென் டிரைவில் டிவிக்குக் கொண்டுபோகலாம், அல்லது கோடி, பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருளில் வைத்து வீடு முழுவதும் ஓட்டலாம். தொடரின் பெயர், சீசன் எண், எபிசோட் எண் மூன்றும் கோப்பின் பெயரில் ஒழுங்காக இருந்தால், படத்தின் விவரங்களை அவை தாமாகவே தேடி எடுத்துக்கொள்ளும். மூலப் பதிவை அழிப்பது, புதிய கோப்பின் தொடக்கம், ஒவ்வொரு வெட்டு, கடைசி ஐந்து நிமிடம் ஆகியவற்றை டிவியில் ஓட்டி, உதட்டசைவும் குரலும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான்.

அடுத்த தலைமுறை

2013-ல் வந்த எச்இவிசி, எச்.264-இன் பாதிப் பிட்டில் நெருக்கமான தரத்தைத் தரக்கூடியது. 2018-ல் வந்த ஏவி1 உரிமக் கட்டணம் கேட்காத வடிவமாக உருவாக்கப்பட்டது. புதிதாகப் பதிவு செய்பவர், வீட்டுக் கருவிகள் ஓட்டும் என்றால், இவற்றை நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே எச்.264-ஆக மாற்றி வைத்திருக்கும் கோப்புகளை இவற்றுக்கு மாற்றுவது மூன்றாம் முறைச் சுருக்கம். கிடைக்கும் இடத்துக்கு அது தகாத விலை.

ஒளிபரப்பும் மாறிக்கொண்டிருக்கிறது. ஏடிஎஸ்சி 3.0 முறையை நிலையங்கள் விரும்பினால் பயன்படுத்தலாம் என்று 2017 நவம்பரில் எஃப்சிசி அனுமதித்தது. அதில் படம் எச்இவிசியிலேயே வருகிறது. மறுபடி சுருக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைகிறது. ஒலி ஏசி-4 என்ற புதிய டால்பி வடிவத்தில் வருவதால், பல கணினிகளிலும் டிவி செயலிகளிலும் படம் ஓடும், குரல் வராது. பல நிலையங்கள் இந்தப் புதிய ஒளிபரப்பைப் பூட்டியே அனுப்புகின்றன. பழைய ஏடிஎஸ்சி ஒளிபரப்பு தொடரும் ஊர்களில் மட்டுமே, ஆண்டெனாவிலிருந்து வீட்டு டிஸ்க் வரை பூட்டில்லாத வழி உறுதியாகத் திறந்திருக்கிறது.